ஆடுகளத்தில் மடித் துப்பாக்கி எதற்கு?

பொங்கல் வந்துவிட்டால் மம்சாபுரம் சுற்று வட்டாரத்தில் கபடிக் கோடு கிழிக்காத ஊர் அபூர்வம். ராஜபாளையத்து மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்த பையன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே களத்தில் இறங்குவான். களை எடுத்துவிட்டு வந்த தாய்மார்கள் இடுப்புப் பிள்ளையோடு ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். மேடையில் நாற்காலி போட்டுப் பிரமுகர்கள் உட்கார்ந்திருப்பார்கள்: முதல் பரிசு உபயம் ஒருவர், கோப்பை உபயம் இன்னொருவர், மைக் செட் உபயம் மற்றொருவர்.

அந்தப் பிரமுகர்களில் ஒருவர் சட்டைக்கு அடியில் ரிவால்வரைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்? அது சட்டப்படி சரியா? லைசென்ஸ் இருந்தால் போதுமா?

இந்தக் கேள்வியைத் தோழர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். "அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, கலெக்டரே கொடுத்தது, நாம் என்ன கேட்க முடியும்?" என்று பேச்சை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. கேட்க முடியும், தோழர்களே! சட்டமே நம் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் பேசிக்கொண்டே பின்பக்கக் கதவைப் பெரிய மனிதர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு எது, அதை எப்படிச் சாத்துவது என்பதுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி பற்றிய மூலச் சட்டம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை.

எல்லாத் துப்பாக்கியையும் அந்தச் சட்டம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கக் குழல்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி கேட்கிறவனுக்கு ஒரு வழி. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வேட்டைத் துப்பாக்கி கேட்கிறவனுக்கும் அதே வழி. சட்டைக்குள் ஒளிகிற ரிவால்வர், பிஸ்டல் கேட்கிறவனுக்கு வேறு வழி. தக்க காரணம் உண்டென்று லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அவனுக்குக் கொடுக்கலாம் என்கிறது 13ஆவது பிரிவு. மலையடிவாரத்துத் தோட்டத்தில் பன்றியை விரட்டுவதற்கு ரிவால்வர் உதவாது. ரிவால்வர் மனிதனுக்கு எதிராகச் செய்யப்பட்ட கருவி. இதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எப்படிக் கொண்டு போவது? 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் இதைச் சொல்கின்றன. கைத்துப்பாக்கியாக இருந்தால், உடம்பில் மாட்டிய உறையிலோ தோள்பையிலோ வைக்க வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். கொண்டு போகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் அதை வீசிக் காட்டக் கூடாது. ஆக, மறைத்து வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது குற்றமல்ல. மறைக்காமல் நடப்பதுதான் குற்றம்!

இதைக் கேட்டதும் மேடைக்காரர் மீசையை முறுக்குவார். அவசரப்பட வேண்டாம். அவருடைய லைசென்ஸ் தாளிலேயே ஒரு நிபந்தனை அச்சிட்டிருக்கிறது. 1962ஆம் வருஷத்து விதிகளின் காலத்திலிருந்து வருகிற நிபந்தனை அது. அதன் சாரம் இதுதான்: திருவிழாச் சந்தைக்கோ, மத ஊர்வலத்துக்கோ, வேறு எந்தப் பொதுக் கூட்டத்துக்கோ, கல்வி நிலையத்தின் வளாகத்துக்குள்ளோ ஆயுதத்தைக் கொண்டு போகக் கூடாது, ஜில்லா மாஜிஸ்திரேட் தனியாக அனுமதி கொடுத்தால் மட்டும் கொண்டு போகலாம்.

ஆயிரம் பேர் கூடுகிற கபடிக் களம் பொதுமக்கள் கூட்டமா, இல்லையா? பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கிற வாலிபால் போட்டி கல்வி நிலைய வளாகத்துக்குள் நடக்கிறதா, இல்லையா? படிக்காத கூலிக்காரனுக்கும் பதில் தெரியும். ஆகவே லைசென்ஸ் இருந்தாலும், உறையில் இருந்தாலும், மூடியிருந்தாலும், தனி அனுமதி இல்லாமல் ஆடுகளத்துக்குள் துப்பாக்கியோடு வருவது நிபந்தனையை மீறிய குற்றம். இதில் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டை எங்கே?

அப்படியானால் நமக்கு என்ன குறை என்று கேட்கலாம். குறை நான்கு இடத்தில் இருக்கிறது.

முதலாவது: "விளையாட்டு மைதானம்" என்ற வார்த்தை அந்த நிபந்தனையில் இல்லை. சந்தை இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊர்ப் பொட்டலில் நடக்கிற போட்டியைப் "பொதுக் கூட்டம்" என்ற சொல்லுக்குள் நாம் அடக்க வேண்டியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியுள்ளவனுக்கு இந்த இடைவெளி போதும்.

இரண்டாவது: தனி அனுமதி. இந்தக் கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது? பஞ்சாலையில் பிஞ்சு நீக்குகிற தொழிலாளி, கபடி பார்க்கப் போக வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் மனுப் போடப் போகிறானா? ஊரில் ஆள் பலமும் பண பலமும் உள்ளவர்தான் போடுவார். கொடுக்கப்பட்ட அனுமதியைக் களத்து வாசலில் ஒட்டி வைக்கிற வழக்கமும் இல்லை.

மூன்றாவது: தண்டனையின் கனம். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 30ஆவது பிரிவின்படி அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலோ, 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரையில் சிறை. லைசென்ஸ் இல்லாதவனை விடு என்று நாம் சொல்லவில்லை. கள்ளத் துப்பாக்கி கொடியது. அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் ஆயிரம் பேர், அதில் பாதி குழந்தைகள், கூடியிருக்கிற இடத்துக்கு நிரப்பிய ரிவால்வரோடு வருகிறவர் 2,000 ரூபாயை எடுத்து வீசிவிட்டுப் போய்விடலாம் என்றால், அந்தத் தொகை அவருக்கு அபராதமா, நுழைவுக் கட்டணமா?

நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலானது: துப்பாக்கி மூடியிருக்கிறது. மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் கேட்பதில்லை. வாசலில் சோதனை செய்யாத வரையில் அந்த நிபந்தனை காகிதத்தில் தூங்குகிறது.

சோதனை என்றால் அது என்னவென்று நமக்குத் தெரியாததா, தோழர்களே? ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டும்போது தொழிலாளியின் மடியைத் தடவுகிறார்கள். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். எதற்கு? ஒரு கண்டு நூல் வெளியே போய்விடக் கூடாது என்பதற்கு! நூலுக்காகத் தொழிலாளியின் மடியைத் தடவலாம். உயிருக்காகப் பிரமுகரின் இடுப்பைத் தொடக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

யார் கையில் லைசென்ஸ்?

ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் ஓர் அழகான வாசகம் உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்பது அது. ஏட்டில் சமத்துவம்! நடைமுறையில் "உயிருக்கு ஆபத்து" என்று யார் சொன்னால் அதிகாரிகள் காது கொடுக்கிறார்கள்? கந்து வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறான் என்று விவசாயத் தொழிலாளி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் அதற்கு ரசீது வாங்குவதே பெரும்பாடு. தோப்பும் லாரியும் உள்ளவர் "எனக்கு எதிரிகள் அதிகம்" என்றால் அது தக்க காரணம் ஆகிவிடுகிறது. லைசென்ஸ் கிடைத்தாலும் ரிவால்வரின் விலை நம் பல மாதச் சம்பளம். ஆகவே மேடையில் இருப்பவர் மடியில் துப்பாக்கி இருக்கலாம். களத்தில் பாடிப் போகிறவன் இடுப்பில் அரைஞாண் கயிறுதான் இருக்கும். ஒருபக்கம் மட்டுமே ஆயுதம் உள்ள இடத்தில் "எல்லோருக்கும் பொதுவான சட்டம்" என்பது ஒருபக்கத்துச் சட்டம்தான்.

அந்த ஒருபக்க ஆயுதம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட மக்கள்மீது மிராசுதார் கூட்டம் துப்பாக்கியோடு பாய்ந்தது. சிதறி ஓடிக் குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர், பெண்களும் குழந்தைகளும், நெருப்பில் வெந்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் கோர்ட்டில் மிராசுதாருக்குத் தண்டனை கிடைத்தது. 1973இல் சென்னை ஐகோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் அந்தத் தீர்ப்புப் பேசியது. பெரிய மனிதர் குற்றம் செய்யமாட்டார் என்ற அதே நம்பிக்கைதான் இன்றைக்கும் களத்து வாசலில் அவரைச் சோதிக்காமல் உள்ளே விடுகிறது!

"தற்காப்பு" என்ற சாக்கு

"எனக்கு ஆபத்து இருக்கிறது; தற்காப்புக்காக வைத்திருக்கிறேன்; யாரையும் சுடவா போகிறேன்?" என்பது அவர்கள் வாதம். இதற்கு நேராகப் பதில் சொல்வோம்.

1999 ஏப்ரல் கடைசியில் டில்லியில் ஒரு பணக்கார விருந்து. மதுபானம் பரிமாறுகிற நேரம் முடிந்துவிட்டது, இனி தர முடியாது என்று ஜெசிகா லால் என்ற இளம்பெண் சொன்னார். மனு சர்மா, காங்கிரஸ் அரசியல்வாதி ஒருவரின் மகன், பிஸ்டலை எடுத்தார். ஒரு குண்டு கூரைக்கு. மறு குண்டு ஜெசிகாவின் தலைக்கு. அவரிடம் இருந்தது லைசென்ஸ் பெற்ற .22 பிஸ்டல். 2006 பிப்ரவரியில் கீழ்க்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. நாடே கொதித்தது. அந்த வருஷக் கடைசியில் டில்லி ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. இங்கே எதிரி யார்? ஆபத்து எது? "இல்லை" என்ற ஒரு சொல். கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்ததால் அந்தச் சொல்லுக்கு விலை ஓர் உயிர்.

2016 டிசம்பரில் பஞ்சாபில், பட்டிண்டா ஜில்லா மௌர் மண்டியில், ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஆடிக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் குண்டு பாய்ந்து செத்தாள். போதையில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கியதன் விளைவு. இப்படிப்பட்ட சாவுகள் பெருகியதால்தான் 2019ஆம் வருஷத் திருத்தத்தில் புதிதாக ஒரு குற்றத்தைச் சேர்த்தார்கள். பொதுக்கூட்டம், வழிபாட்டிடம், கல்யாணம், மற்ற விழாக்களில் கொண்டாட்டமாகச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரையில் சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். நல்லது. ஆனால் அது சுட்ட பிறகு பேசுகிற சட்டம். சுடுவதற்கு முன்னால் வாசலில் தடுக்கிற சட்டம் அல்லவா உயிரைக் காக்கும்?

விருந்தையும் கல்யாணத்தையும் விட ஆடுகளம் சூடான இடம். ஒரு "பாயிண்ட்" தவறிப் போனால் ரெப்ரியைச் சூழ்ந்துகொள்கிறோம். கோட்டைத் தொட்டானா, தொடவில்லையா என்று அரைமணி நேரம் வாதாடுகிறோம். அதுதான் ஆட்டத்தின் ருசி! இரண்டு பக்கமும் வெறுங்கை என்பதால் அந்தச் சண்டை சத்தத்தோடு முடிகிறது. மறுநாள் டீக்கடையில் கேலியாகிறது. ஒருவன் மடியில் துப்பாக்கி இருப்பது தெரிந்துவிட்டால்? ரெப்ரி அந்தப் பக்கம் பார்த்து விசில் ஊதுவார். தோற்க வேண்டியவன் ஜெயிப்பான். துப்பாக்கி வெடிக்க வேண்டியதே இல்லை; சட்டைக்குள் புடைத்திருந்தாலே ஆட்டத்தைத் திருப்பிவிடும்.

சாதியும் களமும்

நம் தென் ஜில்லாக்களில் இன்னொரு தீ இருக்கிறது. அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது பொய்.

சேரியிலிருந்து வந்த பையனும் ஊர்த்தெருப் பையனும் ஒருவர் உடம்பை ஒருவர் பிடித்து, ஒரே மண்ணில் புரளுகிற இடம் கபடிக் களம். கோவிலில் இல்லாத சமத்துவம், டீக்கடையில் நீண்ட காலம் மறுக்கப்பட்ட சமத்துவம், அந்தக் கோட்டுக்குள் முப்பது நாற்பது நிமிஷம் கிடைக்கிறது. தொட்டால்தான் ஆட்டம்! தீண்டாமைக்கு அங்கே வேலையில்லை. ஆதிக்கச் சாதி வெறியனுக்கு அந்தக் களத்தைக் கண்டால் எரிவதற்குக் காரணம் இதுதான்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி ஜில்லா ஸ்ரீவைகுண்டம் அருகே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். அவன் விரல்கள் துண்டாயின. பரீட்சை எழுதப் போன பையன்! கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். அன்று வந்தது அரிவாள். டாக்டர்கள் விரலைத் தைத்து ஒட்ட வைத்தார்கள். கைத்துப்பாக்கியாக இருந்திருந்தால் எதை ஒட்ட வைப்பது?

அரிவாளை மறைப்பது கஷ்டம். ஓடித் தப்பவும் ஓர் அடி இடம் கிடைக்கும். ரிவால்வர் கைக்குட்டை அளவு இடத்தில் ஒளியும். ஆகவே சாதிப் பகை புகைந்துகொண்டிருக்கிற மண்ணில், ஆடுகளத்தில் மறைத்த துப்பாக்கிக்கு இடம் கொடுப்பது வைக்கோற்போரில் கொள்ளியைச் செருகி வைப்பதற்குச் சமம்.

"கொலைகாரன் லைசென்ஸ் வாங்கிக்கொண்டா வருகிறான்?"

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. 2022 மார்ச் 14ஆம் தேதி பஞ்சாபில் ஜலந்தர் ஜில்லா மல்லியான் கிராமத்தில் கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சர்வதேச ஆட்டக்காரர் சந்தீப் நங்கல் அம்பியான் அங்கே வந்திருந்தார். கொலைகாரர்கள் வந்து, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைச் சரமாரியாகச் சுட்டுக் கொன்றார்கள். வந்தது கூலிப்படை. லைசென்ஸ் தாளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. "ஆகவே லைசென்ஸ்காரரைத் தடுத்து என்ன பயன்?" என்கிறார்கள்.

பயன் இதுதான். கூலிப்படையைத் தடுக்க ஒரே வழி வாசலில் எல்லோரையும் சோதிப்பது. எல்லோரையும் சோதிக்க வேண்டுமானால் எவருக்கும் விலக்கு இருக்கக் கூடாது. ஒரு பிரமுகர் துப்பாக்கியோடு போகலாம் என்றால் அவருடைய ஆட்கள் நால்வர் பின்னால் போவார்கள். நாலு பேரை விட்ட போலீஸ்காரர் ஐந்தாவது ஆளை எந்த முகத்தோடு நிறுத்துவார்? லைசென்ஸ் துப்பாக்கிக்குத் திறக்கிற வாசல் வழியாகத்தான் கள்ளத் துப்பாக்கியும் நுழைகிறது. துப்பாக்கியே இல்லாத களத்தில், துப்பாக்கியோடு வருகிறவன் எவனாயினும் அந்தக் கணமே குற்றவாளி. "சார் யாரோ" என்று தயங்க வேண்டியதில்லை.

பஞ்சாபும் உத்தரப் பிரதேசமும் இதில் நமக்கு எச்சரிக்கை. 2016 கடைசியில் மத்திய சர்க்காரின் கணக்குப்படி நாட்டில் இருந்த சுமார் 33 லட்சம் லைசென்ஸுகளில் 12 லட்சத்துக்கு மேல் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. இவ்வளவு லைசென்ஸ் அங்கே ஏழை உழவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டதா? பஞ்சாப் சர்க்கார் 2022 நவம்பரில் விழித்துக்கொண்டு, பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டத் தடை, துப்பாக்கியைப் புகழ்கிற பாட்டுக்குத் தடை, லைசென்ஸுகளை மறுபரிசீலனை என்று உத்தரவு போட்டது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிற கதை. நம் ஊரில் குதிரை இன்னும் லாயத்தில் இருக்கிறது. இப்போதே பூட்டுவோம்.

டாலர் தேசத்தின் பாடம்

துப்பாக்கிக்குப் பூஜை போடுகிற அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 2022 ஜூன் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது பிரஜையின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. பல ராஜ்யங்களில் மறைத்து எடுத்துப்போக லைசென்ஸே வேண்டாம்.

அப்படிப்பட்ட நாட்டிலும் ஆடுகளம் என்று வந்தால் கதை மாறுகிறது. துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த டெக்சாஸ் ராஜ்யத்துச் சட்டமே பள்ளி, கல்லூரி, தொழில்முறைப் போட்டி நடக்கிற இடத்துக்குத் துப்பாக்கி கொண்டு வருவதைத் தடுக்கிறது. 2022 தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க் ராஜ்யம் அவசரமாகச் சட்டம் போட்டு, துப்பாக்கி நுழையக் கூடாத இடங்களின் பட்டியலில் விளையாட்டு அரங்கத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது.

ஆர்க்கன்சாஸ் ராஜ்யத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2017 மார்ச்சில் அங்கத்துச் சட்டசபை, பயிற்சி பெற்ற லைசென்ஸ்காரர்கள் கல்லூரிக்குள் துப்பாக்கியை மறைத்துக் கொண்டு போகலாம் என்று சட்டம் செய்தது. கல்லூரி கால்பந்து அரங்கமும் அதில் அடங்கியது. உடனே தென்கிழக்கு ராஜ்யங்களின் கல்லூரிப் போட்டிகளை நடத்துகிற அமைப்பு எதிர்த்து எழுந்தது. வெளியூர் அணி வரத் தயங்கும், நடுவர் கிடைக்கமாட்டார், ஜனங்கள் வரமாட்டார்கள் என்று எச்சரித்தது. சில வாரங்களுக்குள் அதே சட்டசபை கல்லூரிப் போட்டிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துத் தன் சட்டத்தைத் தானே வெட்டிக்கொண்டது! வகுப்பறையில் மாணவனுக்கு ஆபத்து என்றபோது அசையாதவர்கள், டிக்கெட் வசூலுக்கு ஆபத்து என்றதும் அசைந்தார்கள். லாபத்துக்காகவாவது அவர்கள் ஒப்புக்கொண்ட உண்மையை நாம் உயிருக்காகக் கேட்கிறோம்.

அரங்கத்துக்கு வெளியே என்ன ஆயிற்று? 2024 பிப்ரவரி 14ஆம் தேதி மிசௌரி ராஜ்யம் கான்சாஸ் சிட்டியில் கால்பந்து வெற்றி விழா ஊர்வலம். லட்சக்கணக்கான ஜனங்கள். 2017 முதல் அங்கே மறைத்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. கூட்டத்துக்குள் வாய்ச்சண்டை, உடனே துப்பாக்கி. ஒரு தாய் இறந்தார். 20 பேருக்கு மேல் காயம், அதில் பாதி குழந்தைகள். நூற்றுக்கணக்கான போலீஸார் அங்கே இருந்தார்கள். ஆயுதம் கூட்டத்துக்குள் போய்விட்ட பிறகு காவல் எதற்கு உதவும்?

ஆயுதம் யாருடைய உரிமை?

சில இளம் தோழர்கள் வேறொரு கேள்வி போடுகிறார்கள். "வெள்ளைக்காரன் நம்மை நிராயுதபாணி ஆக்கினான். நாமே துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லலாமா?"

வரலாற்றை மறக்கவில்லை. 1878இல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அதே வருஷம் தாய்மொழிப் பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கவும் சட்டம் போட்டான். கையையும் வாயையும் ஒன்றாகக் கட்டினான். அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தன் தீர்மானத்தில் எழுதியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. கடைசியில் அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து நமக்குத் தந்தது வேறு ஒன்று: அமைதியாக, ஆயுதமின்றி, கூடும் உரிமை.

இந்த "ஆயுதமின்றி" என்ற சொல்லைக் கவனியுங்கள். போனஸ் கேட்டுத் தொழிலாளி ஊர்வலம் போனால் கொடிக் கம்பின் கனத்தைக்கூடப் போலீஸ் பார்க்கிறது. "ஆயுதமின்றிக் கூடு" என்ற கட்டளை நமக்குத் தவறாமல் அமலாகிறது. அதே கட்டளையை மேடைக்காரருக்கும் அமலாக்கு என்கிறோம். 1878இன் அநியாயம் ஒருவனுக்கு விலக்கு, மற்றவனுக்குச் சோதனை என்பதில்தான் இருந்தது. இன்றைக்குக் களத்து வாசலில் பிரமுகருக்கு விலக்கு, தொழிலாளிக்குச் சோதனை என்றால் லிட்டன் இன்னும் சாகவில்லை என்று பொருள்.

துப்பாக்கி சுடுதலும் ஒரு விளையாட்டுத்தானே என்பார்கள். ஆம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். 2024 பாரிசில் ஹரியானாப் பெண் மனு பாக்கர் பிஸ்டலால் இரண்டு வெண்கலம் வாங்கினார். நமக்குப் பெருமை! அந்தப் பிஸ்டல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், தனிக் கூடத்தில், குறிப்பலகையை நோக்கி, நடுவரின் கட்டளைப்படி சுடுகிற பிஸ்டல். பெட்டியில் வருகிறது, பெட்டியில் போகிறது. அது வீராங்கனையின் கருவி. வேட்டி மடியில் ஒளிகிற பிஸ்டலுக்கும் அதற்கும் உறவில்லை.

நாம் கேட்பது என்ன?

1. லைசென்ஸ் நிபந்தனையில் "விளையாட்டுப் போட்டி நடக்கும் இடம்" என்ற சொற்களைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஆயுதச் சட்டம் மத்திய சர்க்காரின் சட்டம். இந்தக் கோரிக்கையைப் பார்லிமெண்டில் எழுப்ப வேண்டும்.

2. அதுவரையில், விருதுநகர் ஜில்லாவில் எந்த விளையாட்டுப் போட்டிக்கும் எவருக்கும் தனி அனுமதி கொடுப்பதில்லை என்று கலெக்டர் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அனுமதி மறுக்கும் அதிகாரம் இன்றே கையில் இருக்கிறது.

3. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுப் போடுகிற கூட்டத்துக்கு உள்ள பாதுகாப்பு, ஆடிப் பார்க்கிற கூட்டத்துக்கு வேண்டாமா? பெரிய போட்டி நடக்கும் நாட்களில் போட்டிக் கமிட்டிக்காரர், மேடைப் பிரமுகர் எவரிடமாவது லைசென்ஸ் இருந்தால் ஆயுதத்தை முன்கூட்டியே ஒப்படைக்கச் செய்ய வேண்டும்.

4. போட்டிக்குப் போலீஸ் அனுமதி கொடுக்கும்போதே, வாசலில் எல்லோருக்கும் ஒரே சோதனை என்ற நிபந்தனையை எழுத வேண்டும். மேடை வழி, மைதான வழி என்று இரண்டு வழி கூடாது.

5. நிபந்தனையை மீறி ஆயுதத்தோடு வந்தவரின் லைசென்ஸை 17ஆவது பிரிவின்படி ரத்து செய்ய வேண்டும். 2,000 ரூபாயோடு கணக்கை முடிக்கக் கூடாது.

சர்க்காரைக் கேட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. களம் நம்முடையது. கோடு கிழிப்பது நம் பையன்கள். கம்பு நடுவது நாம். தண்ணீர் தெளிப்பது நாம். ஆகவே இந்தப் பொங்கலிலிருந்து ஒவ்வொரு போட்டிக் கமிட்டியும் நோட்டீசில் ஒரு வரி அச்சடிக்கட்டும்: "ஆயுதத்தோடு எவருக்கும் அனுமதி இல்லை, லைசென்ஸ் உள்ளவருக்கும் இல்லை." மைக்கில் மணிக்கு ஒரு தரம் அறிவிக்கட்டும். ஒருவர் ஆயுதத்தோடு வந்திருப்பது தெரிந்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆட்டத்தை நிறுத்துங்கள், ஜனங்களை ஒதுக்குங்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள், மனுவை எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். கோப்பை கொடுத்தவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேண்டாம். தலைக்குப் பத்து ரூபாய் போட்டால் நம் சங்கமே கோப்பை வாங்கித் தரும்!

மில்லில் உடம்பைக் கொடுக்கிறோம். வயலில் உடம்பைக் கொடுக்கிறோம். வருஷத்தில் நாலு நாள் அந்த உடம்பை நமக்காக, நம் சந்தோஷத்துக்காக ஓட விடுகிற இடம் ஆடுகளம். அங்கே வெறுங்கையும் வெறுங்காலும் போதும். பெரிய மனிதர் வரட்டும். பாயை விரித்து உட்கார வைப்போம். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்!